வேரில் விழுந்த முடிச்சு



லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி போட்டுக் காய்கறி வளர்ப்பவர்கள் நம்மிடையே நிறையப் பேர் உண்டு. வெண்டை, கத்தரி, மிளகாய், வேலியோரம் பயற்றங்கொடி, மூலையில் ஒரு பப்பாளி. காலையில் காட்டு வேலை முடித்து வந்து, மாலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி வளர்க்கும் அந்தப் பாத்திகள் சம்பளத்துக்கு வெளியே குடும்பத்துக்குக் கிடைக்கும் ஒரு சிறு வரும்படி. கடைக்குப் போகாமல் குழம்புக்குக் காய் கிடைத்தால் அதன் அருமை மாதக் கடைசியில் தெரியும். அந்தப் பாத்திக்கு அடியில் நடக்கும் ஒரு திருட்டைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

வெண்டை முளைத்து ஒரு மாதம் வரைக்கும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு செடி வளராமல் நின்றுவிடும். அடி இலைகள் மஞ்சளாகும். உச்சி வெயிலில் இலைகள் துவண்டு தொங்கும். மாலையில் மறுபடியும் நிமிர்ந்து நிற்கும். மண்ணைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறது. தண்ணீர் இருந்தும் செடி தாகத்தால் வாடுகிறது! காய் பிடித்தாலும் சிறுத்து, வளைந்து, இரண்டு பறிப்போடு நின்றுபோகும்.

இதைப் பார்த்ததும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள்? உரம் போதவில்லை என்று யூரியா வாங்கிப் போடுகிறார்கள். இரண்டு நாள் பச்சை ஏறியதுபோல் தெரியும். பிறகு பழைய கதைதான். அடுத்ததாக இலைக்கு மருந்து அடிக்கிறார்கள். இலையில் பூச்சியே இல்லை, ஆனாலும் அடிக்கிறார்கள். அதற்கும் கேட்காவிட்டால், ‘மண் செத்துவிட்டது’ என்று பாத்தியை விட்டுவிடுகிறார்கள். செடியின் மேல்பாதியை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் இப்படித்தான் முடியும்.

ஆகவே முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். வாடுகிற செடிகளில் ஒன்றைத் தேர்ந்து, அதைப் பிடித்து இழுக்காமல், சுற்றிலும் ஒரு சாண் தள்ளி மண்வெட்டியால் வெட்டி, மண்ணோடு பெயர்த்து எடுங்கள். இழுத்தால் தண்டும் ஆணிவேரும் வரும். நாம் பார்க்க வேண்டிய சிறு வேர்கள் அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். பெயர்த்த செடியை ஒரு வாளித் தண்ணீரில் கால்மணி நேரம் ஊறவையுங்கள். மண் தானாகக் கரைந்து இறங்கும். பிறகு மெல்ல எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள்.

நல்ல வேர் நூல் நூலாக, வெளுப்பாக, வழவழப்பாக இருக்கும். நோய் கண்ட வேரிலோ முடிச்சு முடிச்சாக வீக்கம் தெரியும். சில முடிச்சுகள் கடுகளவு, சில மிளகளவு. பல முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து இஞ்சிக் கிழங்கைப்போல் தடித்திருப்பதும் உண்டு. அத்தகைய வேரில் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் மிகக் குறைவாகவே இருக்கும். செடி ஏன் ஈர மண்ணில் நின்றும் வாடுகிறது என்பதற்கு அந்த வேரே பதில் சொல்லிவிடும்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பயற்றங்கொடி, நிலக்கடலை, காராமணி போன்ற பயறு வகைச் செடிகளின் வேரிலும் சிறு உருண்டைகள் இருக்கும். அவற்றைக் கண்டு பயந்துவிடாதீர்கள். அவை நோய் அல்ல, பேறு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும் நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கும் வீடுகள் அவை. நம் பால்மரக் காடுகளில் மரங்களுக்கிடையே பயறு வகைக் கொடிகளை மூடுபயிராகப் படரவிடுவதும் இதற்காகத்தான். இரண்டையும் வேறு பிரித்து அறிவது எளிது. நல்ல உருண்டை வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் தள்ளினால் மணிபோல் உதிர்ந்துவிடும். நசுக்கிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். கெட்ட முடிச்சு வேரோடு வேராக வீங்கியிருக்கும், தள்ளினால் உதிராது, பிய்த்தால் வேரே அறுந்து வரும். எங்கள் பள்ளியில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரே நாளில் இதைக் கற்றுக்கொண்டு, மறுநாள் வீட்டுக்கு வீடு வேர் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். பயற்றங்கொடியில் இரண்டுமே சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதை அவர்களே கண்டுபிடித்துக் கொண்டுவந்து காட்டினார்கள்.

அந்த முடிச்சுக்குள் யார் இருக்கிறார்கள்? நூற்புழு. ‘வேர்முடிச்சு நூற்புழு’ என்பது அதன் முழுப்பெயர். மண்புழுவுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. மண்புழுவை யாரும் கொல்ல வேண்டாம். நூற்புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. கண்ணாடிபோல் நிறமற்றது. ஒரு சிரட்டை மண்ணில் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் நம் கண்ணுக்குத் தெரியாது.

1855ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கண்ணாடிக் கூடத்தில் வளர்த்த வெள்ளரியின் வேரில் இந்த முடிச்சுகளைக் கண்டு எழுதியவர் பெர்க்லி என்ற பாதிரியார். அவர் செடி நூல் வல்லவருங்கூட. பிறகு 1887ஆம் ஆண்டு பிரேசில் நாட்டில் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தபோது, கோல்டி என்ற விலங்கியல் அறிஞர் காரணம் தேடிப் போய், காப்பி வேரில் இதே இனத்தைக் கண்டு அதற்கு மெலாய்டோகைன் என்று பெயரிட்டார். பழம்போல் உருண்ட பெண் என்பது அந்தக் கிரேக்கப் பெயரின் பொருள். இந்த இனத்தில் ஏறத்தாழ நூறு வகைகள் இப்போது அறியப்பட்டுள்ளன. நம் நாட்டைப்போன்ற வெப்ப நாடுகளில் அதிகம் கெடுப்பவை இரண்டு மூன்று வகைகளே.

‘பழம்போல் உருண்ட பெண்’ என்று ஏன் பெயர் வந்தது என்பதைச் சொன்னால் அதன் வாழ்க்கை முழுவதும் விளங்கிவிடும். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சு மண்ணிலுள்ள ஈரத்தில் நெளிந்து, வேர் கசியவிடும் பொருள்களின் தடம் பிடித்து, இளவேரின் நுனியைத் தேடி வருகிறது. அதன் வாயில் ஊசிபோன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனால் குத்தி உள்ளே நுழைகிறது. உள்ளே போய், தண்ணீரும் உணவும் ஓடுகின்ற நடுக்குழாய்களின் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்துக்கொள்கிறது. தன் உமிழ்நீரைச் சுற்றியுள்ள சில உயிரணுக்களில் செலுத்துகிறது. அதன்பிறகு நடப்பதுதான் வியப்பு. அந்த உயிரணுக்கள் இரண்டாகப் பிரிய மறந்து, பெருத்துக்கொண்டே போய்ப் பூத உயிரணுக்களாகின்றன. செடி தன் உணவை அங்கே கொண்டுவந்து கொட்டுகிறது. நாம் மரத்தைக் கீறி, மங்கு கட்டிப் பால் எடுக்கிறோம் அல்லவா? இந்தப் புழுவும் அதையேதான் செய்கிறது. ஒரு வேறுபாடு: நாம் மரம் தாங்குகிற அளவு பார்த்து வெட்டுகிறோம், புழு உயிருள்ளவரை மங்கை எடுப்பதில்லை.

பெண் புழு அதன்பின் நகருவதே இல்லை. உட்கார்ந்த இடத்தில் தின்று தின்று வெள்ளையாய் உருண்டு, அடி பெருத்த சுரைக்காய் வடிவம் அடைகிறது. அப்போதும் குண்டூசித் தலையில் பாதிகூட இராது. முடிச்சைப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் முத்துப்போல் தெரியும். அது பசைபோன்ற ஒரு பையில் முட்டைகளை இடுகிறது. ஒரு பையில் சாதாரணமாக 300, 400 முட்டைகள். சில வகைகளில் இதற்கு ஆண் புழுவின் துணைகூட வேண்டியதில்லை.

மண்ணின் வெப்பம் 27 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தால் முட்டையிலிருந்து மறுமுட்டை வரை ஏறத்தாழ நான்கு வாரம். குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து இந்தக் கணக்கைத் தடுக்கிறது. நம் நாட்டிலோ ஆண்டு முழுவதும் மண் இதமான சூட்டில்தான் இருக்கிறது. கரும்பலகையில் நான் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டும் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பெண் புழு 400 முட்டை இடுகிறது. அவற்றில் 390 செத்துப் பத்தே பிழைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் 10. இரண்டாம் மாதம் 100. மூன்றாம் மாதம் 1,000. நான்காம் மாதம் 10,000. வெண்டை நின்று காய்க்கிற காலமே அவ்வளவுதானே. முதல் போகத்தில் ஒன்றும் தெரியாமல், இரண்டாவது போகத்தில் கொஞ்சம் வாடி, மூன்றாவது போகத்தில் பாத்தியே போய்விடுவது ஏன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

எந்தச் செடியைத் தாக்கும் என்று கேட்பதைவிட எந்தச் செடியை விடும் என்று கேட்பதே சுலபம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செடிவகைகளில் இந்த இனத்துப் புழுக்கள் வாழக்கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெண்டை, தக்காளி, கத்தரி, பாகல், வெள்ளரி, பயற்றங்காய், மிளகாய், பப்பாளி, மரவள்ளி, வாழை, கொய்யா எல்லாம் இதில் அடங்கும். சரவாக்கில் மிளகுக் கொடிகள் மஞ்சளாகி மெல்ல மெல்லச் சாவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. நம் பால்மரத்தையும் இது விட்டுவைக்கவில்லை. பிரேசிலில் மாத்தோ குரோசோ மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் கோல்டி காப்பியில் கண்ட அதே வகை பால்மர வேரில் முடிச்சு போட்டிருக்கிறது.

மணற்பாங்கான மண் இதற்கு மிகவும் பிடிக்கும். கிளந்தான், திரங்கானு கடலோர மணல் நிலத்தில் முன்பு புகையிலை பயிரிட்டார்கள். புகையிலையில் முடிச்சு விழுந்தது. பிறகு புகையிலையைக் குறைத்துக் கெனாஃப் என்ற நார்ப்பயிரைக் கொண்டுவந்தார்கள். 2010இல் அதற்கென்று கெனாஃப் புகையிலை வாரியமே அமைந்தது. கெனாஃப் நம் வெண்டைக்கும் புளிச்சக்கீரைக்கும் சொந்தக்காரி. புழுவுக்குச் சாப்பாட்டுத் தட்டு மாறியதே தவிரச் சாப்பாடு நிற்கவில்லை!

காய்கறியை மட்டும் பார்த்தாலும் போதாது. பாத்தியோரத்து முள்ளுக்கீரையிலும் மணத்தக்காளியிலும் இது குடியிருக்கும். வாசலில் அழகுக்கு வைக்கிற காசித்தும்பை இதற்கு மிகப் பிரியமான செடி. மண்ணில் புழு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அங்கே ஒரு காசித்தும்பையை நட்டு, ஆறு வாரம் கழித்துப் பிடுங்கிப் பாருங்கள், சொல்லிவிடும்.

சரி, இது நம் பாத்திக்கு எப்படி வருகிறது? தானாக நகர்ந்தால் ஓர் ஆண்டில் சில அடி தூரம்கூடப் போகாத பிராணி இது. அதை ஊர் ஊராகக் கொண்டுபோவது மழைவெள்ளமும் மனிதர்களும்தான். மண்வெட்டியில் ஒட்டிய மண், சப்பாத்தில் ஒட்டிய மண், எல்லாவற்றுக்கும் மேலாக நாற்று.

எங்கள் தோட்டத்தில் பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி இருக்கிறார். பேரப்பிள்ளை என் வகுப்பில் படிக்கிறான். மூன்று முறை வெண்டை போட்டு மூன்று முறையும் போய்விட்டது. “நாலு தடவ உரம் போட்டுட்டேன் வாத்தியாரையா. இது உரத்துல சரியாவுற காரியமில்ல. கண்ணுபட்ட மண்ணு” என்றார். சொல்லும்போது பார்வை பக்கத்து வீட்டு வேலியின்மேல் போனது. அந்த வீட்டு அம்மாவோடு பாட்டி பேசி ஏழெட்டு மாதமாகிறது என்று பையன் என்னிடம் முன்பே சொல்லியிருந்தான். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குத் தனித்தனியாக வருவதற்கும் காரணம் இந்த வெண்டைப் பாத்திதான் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேரைக் கழுவிக் காட்டினேன். முடிச்சு கொத்துக் கொத்தாக இருந்தது. பிறகு பக்கத்து வீட்டு அம்மாவிடமும் கேட்டு அவருடைய கத்தரியையும் வாசல் காசித்தும்பையையும் பெயர்த்துப் பார்த்தோம். அங்கே இன்னும் மோசம். அவருக்கும் இரண்டு போகமாக நட்டம். வெளியில் சொல்லவில்லை, அவ்வளவே. போன ஆண்டு நல்ல மனத்தோடு பால்டின்னில் பத்துக் கத்தரி நாற்று எடுத்து வேலிமேல் வைத்துப் பாட்டிக்குக் கொடுத்தவரும் அவர்தான்.

நாற்றோடுதான் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே ஓடைத் தண்ணீர் இரண்டு பாத்தியிலும் பாய்கிறது, ஒரே மண்வெட்டியை இரவல் வாங்கிப் புழங்குகிறார்கள். எதில் வந்தது என்று யாரால் சொல்ல முடியும்? ஆனாலும் அந்த அம்மா புரிந்துகொண்டார். “நான் குடுத்த நாத்துலயா அத்த வந்துருக்கும்? எனக்குத் தெரியாதே” என்றார். பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்தப் புழுவுக்குத்தான் தெரிஞ்சிருக்கு” என்று சொல்லி வேரைக் கீழே போட்டார். ஓடிப்போய் அதை எடுத்தவன் பேரன்தான். “பாட்டி, அத மண்ணுல போடாத!” என்றான். அவன் சொன்னது சரி.

ஏனென்றால், நாம் செய்கிற வழக்கம் என்ன? காய்த்து முடிந்த செடியை வெட்டி, வேரை அப்படியே பாத்தியில் விட்டுக் கொத்திப் புரட்டுகிறோம். அல்லது குப்பைக் குழியில் போட்டு, மக்கியபின் அதையே உரமாகத் திரும்பக் கொண்டுவருகிறோம். ஒவ்வொரு முடிச்சும் முட்டைக்கூடு. போகம் முடிந்த உடனே வேரோடு பெயர்த்து, தகரத்தின் மேல் வெயிலில் நன்றாகக் காயவைத்து எரித்துவிடுங்கள். செலவில்லாத வேலை, இதைச் செய்யாமல் வேறு எது செய்தாலும் பாதிப் பயன்தான்.

மருந்து ஒன்றும் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் வீட்டுப் பாத்திக்கு வேண்டாம் என்பதே என் கருத்து. நூற்புழு மருந்துகள் மண்ணுக்குள் போடும் கொடிய நஞ்சுகள். குருணையாக வந்த கார்போஃபியூரான் நம் நாட்டில் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. 2023இல் தடை செய்யப்பட்டது. எங்காவது பழைய பொட்டலம் கூரையில் செருகிக் கிடந்தால், மணல்போல் இருக்கிறதே என்று பிள்ளைகள் தொட்டுவிடப் போகிறார்கள். அதைப் பாத்தியில் போட்டுத் தீர்த்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். விவசாய இலாகாவில் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள்.

இன்னொரு செய்தியையும் தோட்டத்துப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டிபிசிபி என்ற நூற்புழுக்கொல்லி ஒரு காலத்தில் உலகமெங்கும் விற்றது. 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் அந்த மருந்தைத் தயாரித்த ஒரு தொழிற்சாலையில், ஆண் தொழிலாளர்கள் சிலர் தங்களில் யாருக்கும் சில காலமாகப் பிள்ளை பிறக்கவில்லையே என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். சோதித்துப் பார்த்தபோது பலருக்கு விந்தணு குறைந்தோ அறவே இல்லாமலோ போயிருந்தது. 1979இல் அமெரிக்காவில் அதன் பயன்பாட்டைப் பெரும்பாலும் நிறுத்தினார்கள். ஆனால் மத்திய அமெரிக்க நாடுகளின் வாழைத்தோட்டங்களில் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் பிள்ளைப்பேற்றை இழந்து, நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நின்றார்கள். அவர்களும் நம்மைப்போல் தோட்டத்துச் சனங்கள்தாம். மருந்து டின் முதுகில் சுமந்த நம் பெண்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் வழி என்ன? புழுவைப் பட்டினி போடுவதே வழி. முட்டையிலிருந்து வந்த குஞ்சு வேரைச் சேரும்வரை எதையும் தின்னாது. தன் உடலில் உள்ள கொழுப்பைக் கொண்டே உயிர் வாழும். அதற்குப் பிடிக்காத செடி நிற்கும் மண்ணில் வாரங்கள் செல்லச் செல்ல மெலிந்து சாகும். நம் பக்கத்துக் காய்கறிப் பாத்திகளில் அதிகம் காணும் வகைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே வெண்டை போன இடத்தில் அடுத்த போகம் நிலக்கடலை போடலாம். கிலுகிலுப்பைச் செடியும் நல்லது. அதன் வேருக்குள் புழு நுழைந்தாலும் பெருக முடிவதில்லை. பூக்கும் முன்பு வெட்டி மண்ணில் புதைத்தால் பசுந்தாள் உரமும் ஆகும். இந்தச் செடிகள் நிற்கும்போது இடையில் முள்ளுக்கீரை முளைக்க விட்டால் எல்லாம் வீண்; பட்டினி போட்டவனுக்குப் பின்வாசல் வழியாகச் சோறு கொடுத்த கதைதான்.

மலாய்க்காரர்கள் பூங்கா தாஹி ஆயாம் என்கிறார்களே, நம் செண்டுமல்லி, அதைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் வேரில் நூற்புழுவுக்கு ஆகாத பொருள் இருப்பது உண்மை. ஆனால் வெண்டைக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு செண்டுமல்லி வைத்தால் புழு ஓடிவிடும் என்பது ஆசை மட்டுமே. வெண்டையின் வேர் பக்கத்திலேயே இருக்கும்போது புழு ஏன் பட்டினி கிடக்கப்போகிறது? பாத்தி முழுவதும் நெருக்கமாகச் செண்டுமல்லியே நட்டு இரண்டு மூன்று மாதம் விட்டால்தான் பலன். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ பூ வருமாறு கணக்கிட்டு நட்டால் அந்தப் போகம் வீணாகவும் போகாது.

மக்கிய கோழி எரு, காய் உதிர்த்த செம்பனைக் குலை, கோயில் வேம்பின் இலை, கிடைத்தால் வேப்பம்பிண்ணாக்கு, இவற்றை மண்ணில் சேர்த்தால் புழுவுக்குப் பகையான நுண்ணுயிர்கள் பெருகும்; செடிக்கும் தெம்பு வரும். தெம்புள்ள செடி கொஞ்சம் முடிச்சு விழுந்தாலும் தாங்கும். வட மாநிலங்களில் வறட்சி வரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மண்ணை இரண்டு மூன்று முறை புரட்டிக் காயவிடுவது நல்லது. அல்லது மண்ணை நனைத்து, நிறமற்ற பிளாஸ்டிக் விரிப்பால் நான்கு முதல் ஆறு வாரம் இறுக மூடி வெயிலில் வேகவைக்கலாம். இஸ்ரேல் நாட்டில் 1976இல் வெளிவந்த முறை. மழை மூட்டமான இடங்களில் இதை நம்ப முடியாது.

நாற்று விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பாத்தி மண்ணிலேயே விதை போட்டு நாற்று எடுக்காதீர்கள். பழைய பிஸ்கட் டின்னில் ஈரமண்ணைப் போட்டு, மூடி, அடுப்பில் வைத்து ஆவி பறக்க அரைமணி நேரம் சூடாக்கி, ஆறிய பின் பையில் நிரப்பி விதை போடுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும் நாற்றையும் இப்படியே எடுத்துக் கொடுங்கள். வாங்குகிற நாற்றில் ஒன்றைத் தண்ணீரில் அலசிப் பார்த்துவிட்டு மற்றதை நடுங்கள். கொடுத்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தக்காளி விதைப் பொட்டலத்தில் சில வகைகளுக்குப் பெயருக்குப் பின்னால் ஆங்கில ‘என்’ எழுத்து அச்சிட்டிருக்கும். நூற்புழுவைத் தாங்கும் வகை என்று பொருள். பெரு நாட்டுக் காட்டுத் தக்காளியோடு 1940களில் கலப்புச் செய்து பெற்ற குணம் அது. ஆனால் மண்ணின் சூடு 28 டிகிரிக்கு மேல் போனால் அந்தக் குணம் தளர்ந்துவிடும். நம் வெயிலுக்கு அது போதாது என்று ஒதுக்கிவிட வேண்டாம். செடியின் அடியில் லாலாங் புல்லை வெட்டிப் பரப்பி மண்ணைக் குளிர்ச்சியாக வைத்தால் ஓரளவு கைகொடுக்கும்.

கத்தரிக்கு இதைவிட நல்ல வழி நம் தோட்டத்து ஓரத்திலேயே முளைத்துக் கிடக்கிறது. சுண்டைக்காய்! மலாயில் தெரொங் பிப்பிட். அதன் வேரை இந்தப் புழுவால் எளிதில் கெடுக்க முடிவதில்லை. செடி திடீரென்று வாடிச் சாகும் பாக்டீரியா நோயையும் அது நன்றாகத் தாங்கும். சுண்டையின் வேரில் கத்தரியை ஒட்டினால் இரண்டின் நன்மையும் ஒரே செடியில் கிடைக்கும். நாற்றங்காலில் பால்மரக் கன்றுக்கு ஒட்டுக்கட்டிப் பழகிய கைகள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. அவர்களுக்கு இது விளையாட்டுப்போல.

சுண்டை மெதுவாக வளரும். ஆகவே அதை மூன்று நான்கு வாரம் முந்தியே விதைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டுகளும் ஒரே பருமனாக, பென்சிலைவிடச் சற்று மெலிந்து இருக்கும்போது, சுண்டையைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கூரிய பிளேடால் குறுக்கே வெட்டி, நடுவில் ஓர் அங்குலம் பிளக்க வேண்டும். கத்தரியின் நுனியை ஆப்புப்போல் இருபுறமும் சீவி அந்தப் பிளவில் செருக வேண்டும். பட்டையும் பட்டையும் ஒரு பக்கமாவது சேர்ந்திருக்க வேண்டும் என்பது ஒட்டுக்கட்டுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். மெல்லிய பிளாஸ்டிக் நாடாவால் கட்டி, மேலே ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். ஏழு முதல் பத்து நாளில் கத்தரித் துளிர் நிமிர்ந்தால் ஒட்டுப் பிடித்துவிட்டது. பிறகு பையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, இரண்டு வாரம் சென்று பாத்தியில் நடலாம். நடும்போது ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே நிற்கட்டும். மண் மூடினால் கத்தரியே வேர்விட்டுப் புழுவுக்கு வழிகாட்டிவிடும்.

பாட்டி வீட்டில் இப்போது பாதிப் பாத்தியில் நிலக்கடலை நிற்கிறது. மறுபாதியில் ஆறு ஒட்டுக்கத்தரிகள். அவற்றுக்கு ஒட்டுக் கட்டியவர், ஒரு காலத்தில் நாற்றங்காலில் வேலை செய்த அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். ஆறில் ஒன்று பிடிக்கவில்லை என்பதால் மறுபடியும் கட்டியிருக்கிறார்கள். அடியில் சுண்டைத் துளிர் கிளம்பினால் கிள்ளிவிட வேண்டும் என்று பையனிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் வாரம் ஒருமுறை பார்த்துக் கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் கத்தரியை அமுக்கிவிட்டுச் சுண்டையே மரமாகி நிற்கும்.